முதலில் பாலத்தைத் தேடுங்கள், சாலையை அப்புறம் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் வேலைக்குச் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "மெயின் ரோட்டை விட்டுட்டு உள்தெருவிலேயே போங்க." இது பாதிதான் சரி. உள்தெரு எதுவானாலும் ஓரிடத்தில் போய் முட்டி நிற்கும். ரயில் தண்டவாளம் குறுக்கே வரும். இல்லாவிட்டால் ஆறு, கால்வாய், பெரிய மதில் சுவர். அங்கே வந்ததும் நிழலான தெருவை விட்டுவிட்டு, பஸ்ஸும் வேனும் நெரிக்கும் பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ நுழைந்தே ஆகவேண்டும். ஆசையாக வாங்கிய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேருவது பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று இடங்களால்தான். ஆகவே வழி தேடுகிறவர்கள் தெருவிலிருந்து தொடங்கக் கூடாது. கடக்கும் இடங்களை முதலில் முடிவு செய்துவிட்டு, அவற்றைத் தெருக்களால் இணைக்க வேண்டும்.

ஒரு தாளில் வீட்டையும் அலுவலகத்தையும் குறித்துக்கொண்டு, நடுவில் கிடக்கும் தடைகளை வரையுங்கள். கூவமும் அடையாறும் நகரை மேற்கிலிருந்து கிழக்காக அறுக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுகிறது. கடற்கரை - தாம்பரம் ரயில் பாதை தரையிலேயே போவதால் அதைக் கடக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பறக்கும் ரயில் தூண்களின் மேல் போகிறது. அதனடியில் தெருக்கள் திறந்திருக்கின்றன. ஆனால் அது பல இடங்களில் கால்வாயை ஒட்டியே போவதால், நம்மை மறிப்பது கால்வாய்தான். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலை பார்த்துக்கொண்டு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கண்ணுக்கெதிரே தெரியும் கட்டடத்துக்குப் பல கிலோமீட்டர் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது.

மதில் சுவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டி ஐஐடி வளாகமும் ஆளுநர் மாளிகையும் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து தென்சென்னையின் நடுவில் வழியே இல்லாத ஒரு பெரும் கட்டமாக நிற்கின்றன. வடக்கே சர்தார் பட்டேல் சாலை, மேற்கே வேளச்சேரி சாலை, இரண்டில் ஒன்றைச் சுற்றித்தான் ஆகவேண்டும். கைபேசி வரைபடத்தில் இது அழகான பச்சைத் திட்டாகத் தெரியும். உள்ளே சைக்கிளுக்கு வழி கிடையாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அசோக் பில்லரிலிருந்து டைடல் பார்க். நேர்கோட்டுத் தூரம் ஆறரை கிலோமீட்டர் இருக்கும். சாலையில் சுமார் பத்து. நடுவில் ரயில் பாதை, அண்ணா சாலை, அடையாறு, கிண்டி மதில், கடைசியில் ஓஎம்ஆர் ஆகிய ஐந்தையும் தாண்ட வேண்டும். வரைபடச் செயலியில் கார் வழி கேட்டால் அது நூறடிச் சாலையில் இறக்கி, கத்திப்பாரா பக்கமாகவோ சைதாப்பேட்டை பக்கமாகவோ தள்ளும். சைக்கிளுக்கு இரண்டும் ஆகாது. கத்திப்பாராவில் நாலாபுறமும் வளைந்து வரும் இறக்கங்களிலிருந்து வண்டிகள் வேகமாக நம் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சமயத்தில் வந்து சேரும். கால் மிதித்துப் போகிறவர் அங்கே ஒதுங்க இடமே இல்லை.

நான் சிபாரிசு செய்யும் வழி இது. மேற்கு மாம்பலத்து உள்தெருக்களில் நுழைந்து அரங்கநாதன் சுரங்கப்பாதையில் ரயில் பாதையைத் தாண்டி சிஐடி நகருக்கு வருவது. நந்தனத்தில் அண்ணா சாலையைக் குறுக்கே கடப்பது. சேமியர்ஸ் சாலை, டர்ன்புல்ஸ் சாலை வழியாகக் கோட்டூர்புரம் பாலம். பாலம் இறங்கியதும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தாண்டி, காந்தி மண்டபம் சாலையில் சர்தார் பட்டேல் சாலைக்கு வந்து இடது திரும்புவது. மத்திய கைலாஷில் வலப்பக்கம் ஓஎம்ஆரில் இறங்காமல் நேரே போய், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் உட்தெருக்களில் புகுந்து, டைடல் பார்க் சந்திப்பில் மட்டும் ஓஎம்ஆரைக் கடப்பது. கார் வழியைவிட ஒரு கிலோமீட்டர் கூடலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்கு ஈடாக, மிச்ச வழியில் பாதிக்கு மேல் லாரி இல்லாத தெரு கிடைக்கிறது.

இந்த வழியின் கஷ்டமெல்லாம் கடக்கும் இடங்களில்தான் இருக்கிறது. சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்வோம். இறக்கத்தில் சைக்கிள் தானாக வேகம் பிடிக்கும். அடியில் தண்ணீர் வடிய சாலைக்குக் குறுக்கே இரும்புக் கிராதி போட்டிருப்பார்கள். அதன் மேல் எப்போதும் ஈரமும் பாசியும் படிந்திருக்கும். பிரேக்கை இறக்கத்திலேயே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கிராதியை நேராகத் தாண்ட வேண்டும். அதன் மேல் பிரேக் பிடித்தாலும் ஹேண்டிலைத் திருப்பினாலும் சக்கரம் வழுக்கும். இறங்கும்போது ஓரத்தில் ஒண்டாமல் இடது தடத்தின் நடுவில் போவதுதான் நல்லது. சுவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு பைக் நுழைய இடம் கொடுத்தால் அது நுழைந்தே தீரும். ஏற்றத்தில் நிலைமை தலைகீழ். உங்கள் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டராகக் குறையும், பின்னால் ஹாரன் கிளம்பும். கியர் இருந்தால் ஏற்றம் தொடங்கும் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் பாரத்தோடு கியர் மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும். கியர் இல்லாத சைக்கிளானால் இறங்கி, நடைபாதையில் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நிமிட நடை அது.

அண்ணா சாலையைக் கடப்பதற்கு ஒரு சின்னக் கணக்கு வேண்டும். அகலமான சந்திப்பில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி 30 மீட்டர் கடக்க சைக்கிளுக்கு ஏறத்தாழ 10 வினாடி ஆகும். சிக்னலில் எண்கள் இறங்கிக்கொண்டு வரும்போது பத்துக்குக் கீழே போய்விட்டால் நிறுத்திவிடுங்கள். பைக்காரருக்கு அந்த நேரம் போதும், உங்களுக்குப் போதாது. அதோடு இடப்பக்கம் "ஃப்ரீ லெஃப்ட்" (சிக்னலுக்கு நிற்காமல் இடது திரும்பும் வசதி) இருக்கும் சந்திப்புகளில், நேரே போகிறவர் ஓரத்தை ஒட்டி நின்றால் திரும்புகிற வண்டிகள் அவரை மறிக்கும், இல்லாவிட்டால் உரசும். 30 மீட்டர் முன்னாலேயே பின்னால் பார்த்து, கையைக் காட்டி, நேர்த் தடத்துக்கு வந்துவிட வேண்டும். நந்தனத்தைச் சுற்றி மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடப்பதால் தடுப்புகளும் திருப்பிவிடும் இடங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர். நகரில் எந்த வழியைத் தேர்ந்தாலும் ஓரிடத்திலாவது இந்த வேலை குறுக்கிடும். பள்ளத்தை மூடப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள்தான் சைக்கிளுக்குப் பெரிய எமன். மழை ஈரத்தில் அவை சோப்புத் தண்ணீர் கொட்டிய தரை மாதிரி இருக்கும். தகட்டின் விளிம்பு தார்ச் சாலையைவிட ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால், சாய்வாக ஏறும் முன்சக்கரம் விளிம்பிலேயே சறுக்கிக்கொண்டு போகும். செங்குத்தாக ஏறுங்கள், தகட்டின் மேல் பெடலை மிதிக்காமல், பிரேக் தொடாமல் உருண்டு போங்கள். கொருக்குப்பேட்டை போன்ற இடங்களில் ரயில்வே கேட் தண்டவாளத்துக்கும் இதே விதிதான்.

காலையில் சுலபமாக இருக்கும் இடம் மாலையில் கண்டமாகும். காந்தி மண்டபம் சாலையிலிருந்து சர்தார் பட்டேல் சாலைக்கு வருவது இடது திருப்பம், பிரச்சினையே இல்லை. மாலையில் அதே இடம் வலது திருப்பம். இந்த வழியிலேயே கடினமான இடம் அதுதான். அங்கே ஓடும் வண்டிகளுக்கு நடுவே வலப்பக்கமாக ஒதுங்க முயல வேண்டாம். இடது ஓரத்திலேயே நின்று, இறங்கி, நடந்து கடப்பவர்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். நான்கு சாலை கூடும் இடமானால் வேறு முறை உண்டு. வலது திரும்ப வேண்டியவர் நேரே எதிர்ப்பக்கம் போய், அங்கே குறுக்குச் சாலையில் நிற்கும் வண்டிகளுக்கு முன்னால் ஓரமாகத் திரும்பி நின்று, அவர்களுக்குப் பச்சை விழும்போது அவர்களோடு போகலாம். ஒரு சிக்னல் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே பெரிய சாலையில் எத்தனை வலது திருப்பம் இருக்கிறது என்று போகவர இரண்டுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் வேறு வழி பாருங்கள். ஒருவழிப்பாதைகளாலும் போகிற வழியும் திரும்புகிற வழியும் வேறாகலாம். அதில் தப்பில்லை, எதிர்த்திசையில் போவதுதான் தப்பு.

இணைக்கும் தெருக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் தெருவைக் காலை எட்டிலிருந்து எட்டே முக்கால் வரை தவிர்த்துவிடுங்கள், வேனும் ஆட்டோவும் இரட்டை வரிசையில் நிற்கும். ரங்கநாதன் தெருப் பக்கம் எந்த நேரத்திலும் சைக்கிளுக்கு வேலை இல்லை. நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. சாலையின் கடைசி ஓரத்தில் மணலும் கண்ணாடிச் சில்லும் சேரும், பாதாளச் சாக்கடை மூடிகளும் அங்கேதான். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, மூடி மட்டும் பழைய மட்டத்தில் கிணறு மாதிரி கிடக்கும். ஓரத்திலிருந்து முக்கால் மீட்டராவது உள்ளே வாருங்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள், ஆள் இறங்குவது அந்தப் பக்கம்தான். இரவில் உள்தெரு நாய் துரத்தினால், மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடும்.

புது வழியை ஒரே தடவை போய்ப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, திருப்பங்கள் மனதில் பதிய. வேலை நாளில் அலுவலக நேரத்தில் ஒரு தடவை. கடக்கும் இடங்களின் உண்மையான முகம் அப்போதுதான் தெரியும். இருட்டிய பிறகு திரும்பும் திசையில் ஒரு தடவை. நவம்பர் கடைசியில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆறு மணிக்கு அலுவலகம் விடுகிறவர் முழுவழியும் இருட்டில்தான் வருவார். தெருவிளக்கு எரியாத தெரு எது, பஞ்சர் கடை எங்கே, எந்த வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு இல்லை என்பதெல்லாம் இந்த மூன்றாவது சவாரியில் குறித்துக்கொள்ள வேண்டியவை. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் கட்டாயம். பத்து கிலோமீட்டருக்கு மிதிக்கும் நேரம் 40 நிமிடம், சிக்னல்களுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு, முதல் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரம் பிடித்தவர்தான் சிக்னலின் கடைசி மூன்று வினாடியில் நுழைகிறார்.

வெயிலையும் காற்றையும் வழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அசோக் நகரிலிருந்து டைடல் பார்க் தென்கிழக்கு. டிசம்பர், ஜனவரி காலைகளில் சூரியன் அந்தத் திசையில்தான் தாழ்வாக நிற்கும். உங்களுக்குக் கண் கூசுகிறது என்றால் பின்னால் வருகிற ஓட்டுநருக்கும் கூசுகிறது, அவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவில்லை என்று அர்த்தம். போரூர், வளசரவாக்கம் பக்கமிருந்து மயிலாப்பூருக்கு வருகிறவர்களுக்கு ஆண்டு முழுக்கக் காலையும் மாலையும் இதே கதிதான். மரநிழல் உள்ள கோட்டூர்புரம் மாதிரித் தெருக்கள் இதற்காகவே மதிப்புள்ளவை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். அது மாலையில் வீட்டுக்குத் திரும்புகிறவரின் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். மே மாதத்திலும் மாலைச் சவாரி தாங்கக்கூடியதாக இருப்பது இதனால்தான்.

மழைக்காலம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நல்ல மழை பெய்தால் முதலில் மூடப்படுபவை சுரங்கப்பாதைகள்: துரைசாமி, அரங்கநாதன், வியாசர்பாடி கணேசபுரம். துரைசாமியும் அரங்கநாதனும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் மேற்கு மாம்பலத்துக்காரருக்கு மிஞ்சுவது கோடம்பாக்கம் மேம்பாலம். தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடும், ஏற்றமும் உண்டு, ஆனால் தண்ணீர் நிற்காது. இந்த மாற்று வழியையும் வெயில் காலத்திலேயே ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கைபேசியில் வழி தேடக் கூடாது. தேங்கிய தண்ணீர் பெடலைத் தொடும் உயரம் இருந்தால் போகாதீர்கள். பள்ளம் தெரியாது என்பது ஒன்று. அச்சு பேரிங்குகளுக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும் என்பது இன்னொன்று. ஒரு வாரத்தில் சக்கரம் கரகரவென்று அரைக்கத் தொடங்கும். தேங்கிய தண்ணீரில் மின்வாரியப் பில்லர் பெட்டி நிற்கும் ஓரத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. பழைய கம்பி பிரேக் சைக்கிள்களில் குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. அந்த நாட்களில் பாலத்து இறக்கத்தில் மேலேயிருந்தே வேகத்தைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். கோட்டூர்புரம் வழியும் பெருவெள்ளத்துக்குத் தப்பியதல்ல. 2015 டிசம்பரில் அந்தப் பகுதியே மூழ்கியது. அடையாறு நிரம்பி ஓடும் நாளில் சைக்கிளை வீட்டில் விடுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுப்பது தனிமனிதர் வேலை. கடக்கும் இடங்களைச் சீராக்குவது மாநகராட்சியின் வேலை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் இதற்கு என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பணம் அகலச் சாலையில் வண்ணம் பூசிய சைக்கிள் தடத்துக்குப் போவதைவிட, முதலில் இந்தப் பாலங்களுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் போகவேண்டும். அகலச் சாலையில் எப்படியோ ஒதுங்கிப் போய்விடலாம். ஒதுங்க முடியாத இடம் பாலம்தான். கேட்பது பெரிய வேலையும் இல்லை. வடிகால் கிராதிகளின் கம்பிகள் சாலையின் திசையிலேயே நீளமாக ஓடினால் சைக்கிள் டயர் இடுக்கில் இறங்கிவிடும். அவற்றைக் குறுக்காகத் திருப்பிப் போட வேண்டும். பாலங்களின் இரு முனையிலும் சேரும் மணலை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். மெட்ரோ இரும்புத் தகடுகள் சொரசொரப்பாகவும் சாலை மட்டத்துக்குச் சமமாகவும் இருக்கவேண்டும் என்று ஒப்பந்ததாரர்களிடம் கறாராகச் சொல்ல வேண்டும். சுரங்கப்பாதை மூடியிருக்கிறது என்ற பலகையைச் சுரங்கப்பாதையின் வாயிலில் வைத்துப் பயனில்லை. ஒரு கிலோமீட்டர் முன்னால், வேறு பக்கம் திரும்ப வழியுள்ள சந்திப்பில் வைக்க வேண்டும். சுரங்கப்பாதை வாயில் வரை வந்து திரும்பிப் போவது காருக்குப் பெரிதல்ல, சைக்கிளில் நனைந்துகொண்டு வருகிறவருக்குப் பெரும் பாடு.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். மழை நாட்களில் எந்தெந்தச் சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன என்று செய்தி வெளியிடுகிறீர்கள். அதோடு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திறந்திருக்கும் கடக்கும் இடம் எது என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத் தேவைப்படுவது அந்த ஒரு வரிதான்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் வாசகர்,
சென்னை - 33